இவருக்குப் பதில் இவர்

வீட்டுக்கு வீடு வேறு கதை ஓடும் சீரியலைச் சந்தையில் இறக்கியவர் தயாரிப்பாளர் வயிரவன். அடிப்படைக் கதையை மட்டும் அவர் எழுதிக் கொடுப்பார். பார்க்கிறவர் மனசுக்கேற்ற முகங்களையும் முடிவுகளையும் டிவியே போட்டுக்கொள்ளும். அவர் மனைவி உண்ணாமலையின் டிவியில் கதாநாயகன் எப்போதும் வயிரவன்தான். அதில் மனிதருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் மாலை, மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க வீட்டுக்கு வந்தவர் கூடத்திலேயே நின்றுவிட்டார். திரையில் அவர் படம். அதன் கீழே, 'இவருக்குப் பதில் இவர்'. பக்கத்தில் ஒரு சுருட்டை முடிக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"என்னைத் தூக்கச் சொன்னியா?"

"நான் ஏங்க சொல்றேன்? புருஷன் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்ற மாதிரி ஒரு சீன் கேட்டேன். உங்க முகத்தை வச்சா நம்புற மாதிரி இல்லைன்னு அதுவே ஆளை மாத்திடுச்சு."

வயிரவன் பேரத்தில் இறங்கினார். "சுவிட்சர்லாந்துல ஒரு டூயட் எழுதித் தர்றேன். என்னையே வச்சுக்க."

"டூயட்ல தோசை சாப்பிடுவீங்களா?"

மறுநாளிலிருந்து கதை விவாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தார். திரையில் சுருட்டை முடிக்காரனும் சாப்பிட்டான். அவனை முறைத்துக்கொண்டே இவரும் சாப்பிட்டார். சில வாரம் தாக்குப்பிடித்தான் பையன். பிறகு ஒரு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவன் படத்துக்குக் கீழே அதே வாசகம் வந்தது, பக்கத்தில் வயிரவன்.

"எப்படி நம்ம நடிப்பு?" என்று மீசையைத் தடவினார்.

உண்ணாமலை இன்னொரு தோசையை அவர் தட்டில் வைத்தாள்.

"நடிப்பு சுமார்தான். ஆனா ஷூட்டிங்குக்கு நேரத்துக்கு வந்துடுறீங்க."