கை படாத மலை

"ஏம்மா இஷ்பெல், என் சுவரு எங்க?"

ஊர்க் கூடத்தில் அத்தனை பேரும் டீக்கோப்பையோடு நிற்கும்போதுதான் கேட்டேன். வேண்டுமென்றேதான்.

அவள் வரைந்த படங்களை அன்றைக்குத்தான் மாட்டியிருந்தார்கள். எல்லாம் எங்கள் மலை. பனிக்காலத்தில் பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் கட்டிக்கொண்டு தனியாக ஏறி, மேலேயே உட்கார்ந்து வரைகிறவள். வண்ணம் கரைக்கிற தண்ணீர் உறையாமல் இருக்க அதில் விஸ்கி ஊற்றுவாள்.

"பாதி தண்ணிக்கு, பாதி அவளுக்கு" என்பாள் டீ ஊற்றும் எஃபி.

நடுவில் பெரிய படம். கரும்பாறை, அதன்மேல் வட்டமிடும் இரண்டு கழுகு, கீழே பனிச்சரிவு, ஓடை. அடியில் ஒரு அட்டை: 'ஸ்காட்லாந்து: மனிதக் கை படாத மலை.'

கை படாத மலையாம். அந்தச் சரிவில் ஓடையிலிருந்து பாறை வரைக்கும் நானும் என் அப்பாவும் கட்டிய சுவர் நிற்கிறது. சாந்து கிடையாது, கல் மேல் கல். பதினோரு கோடை வேலை. அப்பாவுக்கு விரல் நசுங்கியது அங்கேதான். படத்தில் அந்த இடத்தில் வெறும் பனி.

"பனியில மூடியிருக்கும் ரோரி, விடுங்க" என்றாள் எஃபி.

"என் சுவரு நெஞ்சு உயரம். எந்த வருஷப் பனியும் அதை மூடுனதில்ல."

இஷ்பெல் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "படத்துக்கு அது வேண்டாம்னு தோணுச்சு."

"மூணு வருஷமா மலையிலேர்ந்து இறங்குனா என் வீட்டு அடுப்புலதான் கையக் காய வைக்கிற. என் சூப்பு வேணும், என் சுவரு மட்டும் வேண்டாமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது.

"பெரியவர் கேக்கறது நியாயம்தானே?"

புதுக் குரல். வெளியூர் ஆள். மலை ஏறுகிறவன் உடுப்பு, ஆனால் ஒரு சொட்டுச் சேறு இல்லை.

"உழைச்சவர் வேலைய மறைக்கக் கூடாது. எங்க இருக்குன்னு சொல்லுங்க ஐயா, நான் போய்ப் பார்க்கணும்." டீ மேசையில் மேப்பை விரித்தான். "இதுல சுவரெல்லாம் போட மாட்டாங்க. நீங்கதான் காட்டணும்."

இத்தனை வருஷத்தில் என் சுவரைப் பார்க்கவேண்டும் என்று கேட்ட முதல் ஆள். பையில் கண்ணாடியைத் தேடினேன்.

"ஓடை ரெண்டாப் பிரியுற இடம் இருக்கில்ல? அங்கேருந்து நேரா..."

"அங்க சுவரே கிடையாது" என்றாள் இஷ்பெல்.

பையிலிருந்து கையை எடுத்தேன்.

"என்ன சொன்ன?"

"சுவரே கிடையாதுன்னு சொன்னேன். ரோரி எங்கேயோ இருக்கறத நினைச்சுக்கிட்டுப் பேசறாரு."

இதைவிடச் சின்னப் பேச்சுக்கு என் தம்பி ஆங்கஸோடு பதினெட்டு வருஷமாகப் பேசாமல் இருக்கிறேன். ஆட்டுச் சந்தையில் நாலு பேர் முன்னால் என்னைப் பொய்யன் என்றான். இப்போது அவனும் கதவோரம் நின்று ரசித்துக்கொண்டிருந்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் இஷ்பெல் என் கையைப் பிடித்து, கூடத்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்புறம் திட்டுங்க. முதல்ல இதைப் பாருங்க."

மலையில் வைத்துக் கிறுக்குகிற நோட்டு. பென்சில் படம்.

என் சுவர். ஒரு கல் விடாமல் வரைந்திருந்தாள். அப்பா கட்டிய பாதியில் கல் நெருக்கம். என் பாதி கொஞ்சம் இளக்கம். அந்த வித்தியாசத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதுவும் இருந்தது.

சுவர் முடிகிற இடத்துக்கு மேலே, பாறை இடுக்கில் குச்சிக் கூடு. பக்கத்தில் இரண்டு கழுகுகள்.

"இந்த மாதிரி கரும்பாறை நம்ம மலையில நாப்பது இருக்கு" என்றாள். "சுவரைப் போட்டா எந்தப் பாறைன்னு நானே காட்டிக் குடுத்த மாதிரி. அடுத்த மாசம் முட்டையிடும்."

போன வசந்தத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கழுகுக் கூட்டிலிருந்து இரண்டு முட்டையும் காணாமல் போயின. முட்டையில் துளை போட்டு, உள்ளே இருப்பதை ஊதிவிட்டு, வெறும் முட்டையோட்டைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் பூட்டி வைத்து அழகு பார்க்கிற ஆட்கள் உண்டு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, அந்தச் சுவரைப் பத்திப் பேசாம இருந்துடுவீங்களா?"

நோட்டை மூடி அவளிடம் கொடுத்தேன்.

வெளியே வந்தேன். அந்த ஆள் பென்சிலோடு காத்திருந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மேப்பை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பக்கத்துப் பள்ளத்தாக்கில், முட்டை போன அதே பாறையின் மேல், சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

"சொல்லுங்க ஐயா. ஓடை பிரியுற இடத்துலேருந்து எந்தப் பக்கம்?"

கூடமே என்னைப் பார்த்தது. ஆங்கஸும் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி தம்பி" என்றேன், கதவோரம் வரைக்கும் கேட்கிற மாதிரி. "வயசாச்சு, வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். அந்த மலையில நான் ஒத்தக் கல்லுகூட வச்சதில்ல."