எல்லோரும் முதலாளிகள்

காலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிறேன். சோள ரொட்டியைக் காப்பியில் தொட்டுத் தின்கிறேன். கூட்டுறவுக் கிடங்கைத் திறந்து, காப்பிப் பைகளில் யூலாலியாவின் படத்தை ஒட்டுகிறேன். சுருக்கம் விழாமல் கட்டைவிரலால் நீவிவிட வேண்டும்.

யூலாலியா என் மனைவி. போன அறுவடையில், காய்ந்துகொண்டிருந்த காப்பிக் கொட்டையை மழைக்கு முன் அள்ளும்போது களத்திலேயே விழுந்து இறந்தாள். பையில் அவள் படம் வந்தபின் வெளிநாட்டில் விற்பனை மும்மடங்கு.

பண்ணைக் கூலிகளாக இருந்த நாங்கள் எல்லோரும் இப்போது பங்குதாரர்கள். ஒருவரை ஒருவர் "முதலாளி" என்று கிண்டலாகக் கூப்பிடுவோம்.

இன்று கூட்டத்தில் தலைவர் கஸ்பார் புதுப் பையைக் காட்டினார். படத்துக்குக் கீழே அவளுடைய கடைசி வார்த்தைகளாம்: 'நம்ம கொட்டையைக் காப்பாத்துங்க.'

"இது வந்தா அடுத்த வருஷம் சொந்த லாரி. கை தூக்குங்க, முதலாளிகளே."

"அவ எங்க அப்படிச் சொன்னா?" என்றாள் பெட்ரோனா. "பக்கத்துல நின்னு அள்ளுனவ நான். என் காதுல விழல."

"உங்க காதுல இடி இடிச்சாலே விழாதேக்கா. புருஷன் இருக்கான், அவனையே கேப்போம். சொல்லு தம்பி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன். மற்ற கைகளும் உயர்ந்தன.

களத்தில் அவள் எதுவுமே சொல்லவில்லை. அன்று விடியும்போதே அவளுக்கு உடம்பு கொதித்தது. மறுநாள் சரக்கு ஏற்ற வேண்டும் என்று எழுப்பினேன். பண்ணைக் கங்காணியிடம் கேட்பதுபோல், கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"இன்னிக்கு ஒருநாள் லீவு தருவீங்களா, முதலாளி?"