கடலின் சின்ன வயசு

வீடு தேடி வந்த நண்டிடம் கடல் பீற்றிக்கொண்டது: "சின்ன வயசுல நான் பளிங்கு மாதிரி இருப்பேன். துளி வாடை கிடையாது."

கரையிலிருந்த சுண்ணாம்புப் பாறைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் உன் மடியில உருவானப்போ உன்கிட்ட இருந்த கந்தகமும் எனக்குள்ள வந்துடுச்சு. அந்தக் கந்தக அணுக்கள்ல லேசான வகை எவ்வளவு, கனமான வகை எவ்வளவுன்னு பார்த்தாலே உன் அப்போதைய நாத்தம் ஊருக்கே தெரிஞ்சுடும்."

"புளுகாதே!" என்று கடல் ஓங்கி ஓர் அறை விட்டது. பாறையின் மூலை உடைந்தது. உள்ளேயிருந்து அழுகின முட்டை நாற்றம் குப்பென்று கிளம்பியது.

நண்டு பக்கவாட்டில் நகர்ந்தபடியே, "இது யாரோட வாடை?" என்று கேட்டது.

கடல் அலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. பிறகு சலித்துக்கொண்டது:

"இந்த ஆமைங்க இருக்கே, கண்ட இடத்துல முட்டை போடுதுங்க!"