குளிரியின் பழைய இடம்

சூரியன் கடுகளவே தெரியும் தூரத்தில் குளிரி என்ற பெரிய பனிக்கோள் சுற்றிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவள் சூரியனுக்குப் பக்கத்தில் வெயில் காய்ந்தவள். ஒரு ராட்சதக் கோள் நெருங்கி வந்து, இழுத்து வீசியதில் இவ்வளவு தூரம் வந்துவிட்டாள்.

தன் பழைய இடத்தைப் பார்த்து வரச்சொல்லி அவள் ஆசையாகக் கேட்டாளே என்று, வாலன் என்ற வால்நட்சத்திரம் சூரியன் பக்கம் போய்ப் பாதியாகக் கரைந்து திரும்பி வந்தான்.

“தம்பி, நான் இருந்த இடத்தைப் பார்த்தியா?”

“பார்த்தேன் அக்கா.” வாலன் தயங்கினான். “அங்கே யாருக்கும் உன்னை ஞாபகமில்லை. அந்த இடத்துல எதுவுமே இல்லை. வெறும் வெயில் மட்டும்தான் அடிக்குது.”

குளிரி மெல்லச் சிரித்தாள்.

“அப்போ, என் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கலை” என்றாள்.