பத்து வருடத்துக்கு முந்தைய பதிவுகள்

எண்டரைத் தட்டியதும் நாலாயிரத்து முந்நூறு பெண்களும் மூல நட்சத்திரமாகிவிட்டார்கள்.

ஒருத்தியின் நட்சத்திரத்தை மட்டும்தான் அவள் திருத்த நினைத்தாள். எந்தப் பெண் என்ற நிபந்தனையை எழுத மறந்துவிட்டாள்.

நல்லவேளை, அது பழகுவதற்கான டேட்டாபேஸ் நகல்.

சொல்லிக்கொடுக்க வந்திருந்த யாமினி விழுந்து விழுந்து சிரித்தாள். இனி இந்த ஊரில் ஒரு கல்யாணமும் நடக்காது என்றாள். இவளும் சிரித்துவைத்தாள்.

இவளுடையதும் மூலம்தான்.

மூன்று வாரமாக இதே பாடு. மதியம்வரை திருமணத் தகவல் மையத்தின் முன்மேசையில் ஜாதகம் வாங்கி அடுக்க வேண்டும். அதன் பிறகு டேட்டாபேஸ். ஒரு கமா விட்டுப்போனால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. முப்பத்தொன்பது வயதில் மண்டையில் லேசில் எதுவும் ஏறுவதில்லை. ஏறியே ஆக வேண்டும். முன்மேசையை அடுத்த மாதத்தோடு எடுத்துவிடுகிறார்கள்.

இன்று நிஜ வேலை.

பதிந்து பத்து வருடம் தாண்டியும் வரன் அமையாத பெண்களின் பதிவுகளை நீக்க வேண்டும். நீக்கியதும், பதிவில் இருக்கும் எண்ணுக்குத் தானாகவே ஒரு குறுஞ்செய்தி போய்விடும்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி யார் யார்னு ஒரு தடவ எடுத்துப் பாத்துக்கோங்கக்கா. போனா வராது," என்று சொல்லிவிட்டு யாமினி டீ குடிக்கப் போனாள்.

எடுத்துப் பார்த்தாள்.

இருநூற்றுப் பதினேழு பேர்.

நூற்று நாற்பதாவது வரிசையில் அவளே.

மாநிறம். பி.காம். எதிர்பார்ப்பு என்ற கட்டத்தில், நல்ல குடும்பம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அப்பா சொல்லச் சொல்ல யாரோ எழுதியது.

தொடர்பு எண்ணும் அப்பாவுடையதுதான்.

இந்த மையத்திலேயே வேலை கிடைத்தபோது அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். வரன் வந்தால் முதலில் உன் கண்ணில்தானே படும் என்றார்.

அவள் விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டாள். எண்ணை மாற்றும் கட்டளையை எழுதினாள். இந்த முறை நிபந்தனையை மறக்கவில்லை. மூன்று தடவை படித்துப் பார்த்தாள்.

ஒரு வரிசை மாறியது என்றது திரை.

பிறகு நீக்கினாள்.

இருநூற்றுப் பதினேழு.

கைப்பைக்குள் அவளுடைய போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. எடுத்துப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த யாமினி எண்ணிக்கையைச் சரிபார்த்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை, தேறிவிட்டீர்கள் என்றாள். இவளுக்கு எங்காவது படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

வீட்டில், செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா வழக்கம்போல் கேட்டார், ஏதாவது வந்ததா என்று.

"வந்தா மெசேஜ் மொதல்ல உங்க போனுக்குத்தான்ப்பா வரும்."

அப்பா தலையாட்டினார். பிறகு எழுந்துபோய்ப் போனைச் சார்ஜில் போட்டார்.