குறுக்கே நின்ற சைக்கிள்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு இந்த நிமிஷமே இழுத்துக்கொள்ளட்டும். என்னிடம் இருக்கிற ஒரே சொத்து அதுதான். அதையே பணயம் வைக்கிறேன், போதுமா?

அந்த மாடிவீட்டுப் பெரியவருக்கு மற்ற குடித்தனக்காரர்கள் வைத்த பெயர் சட்டாம்பிள்ளை. கோர்ட் வாசலில் நின்று ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீதிபதிகள் வந்தார்கள், போனார்கள். நீதி நிலைத்து நின்றது தன் தொண்டையால்தான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

இப்போது அந்தத் தொண்டை முழுநேரமும் கட்டடத்துக்கு.

குப்பைத்தொட்டிக்கு மூடி இல்லையா, குரல் வரும். குழாய் சொட்டுகிறதா, குரல் வரும். ஆனால் பரம எதிரி என்றால் கீழ்வீட்டுத் தையல்காரர்தான். தினமும் காலையில் சைக்கிளைக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் குறுக்கே நிறுத்துவார், ஏதோ அதற்கென்று சம்பளம் வாங்குகிற மாதிரி.

"இன்னைக்குப் படியில சைக்கிள். நாளைக்குத் திருட்டு. மறுநாள் கொலை. நாகரிகம் எப்படிய்யா அழியுது? இப்படித்தான் அழியுது."

"மறந்துட்டேன் சார்."

"நேத்தும் அதைத்தானே சொன்னே?"

"நேத்து சொன்னதையும் மறந்துட்டேன் சார்."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரியவர் வீட்டு ஓனருக்கு போன் போட்டார். "அந்தாளைக் காலி பண்ணச் சொல்லுங்க. இல்லேன்னா நான் காலி பண்றேன்." ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து முடிவு கட்டுவதாக ஓனர் சொன்னார்.

இடையில் மகள் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. தான் இல்லாத கட்டடம் என்ன கதியில் கிடக்கிறதோ என்று அங்கே அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. ஞாயிறு காலை, மகள் எழுந்திருப்பதற்குள் சொல்லாமல் கிளம்பிவிட்டார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா?

வந்து பார்த்தால் படிக்கட்டு பளபளவென்று இருக்கிறது. சைக்கிள் சமர்த்தாகச் சுவரோரம். தொட்டிக்கு மூடி. குழாய் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.

பெரியவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. 'திருத்திட்டோம்டா' என்று தனக்குத் தானே முதுகில் தட்டிக்கொண்டார். இருந்தாலும் கோர்ட்டில் நின்ற உடம்பாயிற்றே, சந்தேகம் விடவில்லை. படிக்குக் கீழே மின் மீட்டர் இருக்கும் சந்தில் ஒண்டிக்கொண்டார்.

தையல்காரர் வெளியே வந்தார். அவருடைய போன் அடித்தது.

"சொல்லும்மா. அப்பா கிளம்பிட்டாரா? சொல்லிக்காமலா? சரி, நீ கவலைப்படாதே." போனை வைத்துவிட்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பெரியவர் வர்றாராம். அவங்கவங்க வேலையைப் பாருங்கப்பா."

அவ்வளவுதான். எங்கேயோ தொட்டி மூடி உருண்டது. குழாய் சொட்ட ஆரம்பித்தது. தையல்காரர் சைக்கிளைத் தூக்கிவந்து படிக்குக் குறுக்கே வைத்தார். தள்ளி நின்று, தைத்த சட்டையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். போதவில்லை. இன்னும் கொஞ்சம் கோணலாக்கினார்.

புதிதாகக் குடிவந்த நர்ஸ் படியில் நின்று விழித்தாள். "நல்லா இருந்த இடத்தை ஏண்ணா அலங்கோலம் பண்றீங்க?"

"அவர் சம்சாரம் தவறினப்புறம் மனுஷன் படுத்தவர் எழுந்திரிக்கலைம்மா. சோறு கொண்டுபோனா வேண்டாம். டாக்டர் வந்தா சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்குவார். ஒருநாள் அவசரத்துல சைக்கிளைக் குறுக்கே விட்டுட்டேன். மேலேருந்து வந்துச்சு பாரு ஒரு குரல்! தடதடன்னு இறங்கி வந்து, மூச்சுவிடாம திட்டினார். திட்டி முடிச்சதும், 'உங்க வீட்டுல என்ன சமையல்'னு கேட்டார். அன்னைக்குப் பிடிச்சது."

"பாவம், உங்களைத்தானே தினமும் கிழிக்கிறார்?"

"கிழிஞ்சா தச்சுக்கறேன். நம்ம தொழிலே அதுதானே? நீயும் ஒண்ணு எடுத்துக்கோம்மா. படி லைட்டைப் பகல்ல எரியவிடு, போதும்."

மீட்டர் சந்தில் ஒட்டடைதான் கண்ணில் விழுந்திருக்க வேண்டும். பெரியவர் நெடுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் உள்ளே போனதும் நைசாக வெளியேறி, தெருமுனை வரை போய், அப்போதுதான் பஸ் இறங்கியவர்போல வந்தார்.

வாசலில் ஓனர் நின்றிருந்தார். பக்கத்தில் தையல்காரர், முகம் வெளுத்து. விஷயத்தை ஓனர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

பெரியவர் சைக்கிளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

"என்ன சார், உடம்புக்கு முடியலையா?" தையல்காரர் பதறினார். வீடு போகிற கவலைகூட அந்த நிமிஷம் அவர் முகத்தில் இல்லை.

அதைப் பார்த்ததும்தான் பெரியவருக்குத் தொண்டை திறந்தது. "யோவ், மறுபடியும் மறந்துட்டியா?" என்று ஆரம்பித்தார். திருட்டு, கொலை, நாகரிகம், ஒன்றையும் விடவில்லை. தெருவில் போனவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஓனர் காதைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க சொன்னது சரிதான். இன்னைக்கே காலி பண்ணச் சொல்லிடறேன்."

"அனுப்பினா, போற இடத்தையும் கெடுப்பான். என் கண் முன்னாலேயே கிடக்கட்டும்," என்றார் பெரியவர். பிறகு மேலே பார்த்தார். "பட்டப்பகல்ல லைட் போட்டது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் நர்ஸ்.

"புதுசா? உன்னையும் திருத்தணும். மெதுவாத்தான் முடியும்."

கதை அவ்வளவுதான். இதை யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். தையல்காரர் காதில் விழுந்தால், நாளைக் காலையில் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்திவிடுவார். அப்புறம் நான் எதற்காகக் கட்டிலை விட்டு இறங்குவது?