இருநூறும் ஐந்தும்

இரண்டு கேமராக்களையும் கண்ணாடி மேசைமேல் அருகருகே வைக்கச் சொன்னாள் வினோதா.

ஒன்று, கடைக்காரர் கோபிநாத் அலமாரியிலிருந்து எடுத்தது. மற்றது, அவள் பையில் கொண்டுவந்தது. தம்பி பிரேம்குமாருடையது என்று சொல்லி, அவன் கருமாதி முடிந்த மறுநாள் நெடுமாறன் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனது.

அது தம்பியுடையது இல்லை என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தட்டாஞ்சாவடி கம்பெனியில் பகல் முழுக்கக் கோணல் மூடிகளைப் பொறுக்கித் தள்ளுகிற கண் அவளுக்கு. அதோடு, சீட்டு எடுத்து அவளே தம்பிக்கு வாங்கிக் கொடுத்த கேமரா. முன்பக்கம் 200 என்று போட்டிருக்கும். பின்னால் உள்ள திரை ஜன்னல் கதவு மாதிரி வெளியே திறக்கும். அவள் பக்கம் திருப்பி வைத்து, "உன் மூஞ்சிய நீயே பாத்துக்கோ, அப்பறம் என்னத் திட்டாத" என்பான்.

நெடுமாறன் கொடுத்ததில் திரை அசையவில்லை. நகத்தை விட்டு நெம்பியும் பார்த்துவிட்டாள்.

எண்ணும் 200 இல்லை. வெறும் 5.

கல்யாணம், காதுகுத்து, கடற்கரையில் ஜோடிகளை நிறுத்தி எடுக்கும் படம் என்று எல்லாவற்றுக்கும் தம்பியோடு ஒரே வண்டியில் போனவன் நெடுமாறன். செத்தவன் பொருளில் கை வைத்துவிட்டான். அவன் வீட்டு வாசலில் நின்று நாலு பேர் கேட்கக் கேட்பது என்றுதான் கிளம்பியிருந்தாள். அதற்குமுன், எது மட்டம் என்று விவரம் தெரிந்தவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும்.

"இந்த இருநூறுல பிளாஷ் எழும்புது. அதுல இல்ல, சரியா?"

"இல்லம்மா."

"இதுல திரையத் தொட்டா வேல செய்யுது. அதுல?"

"செய்யாது."

"மெகாபிக்சல்?"

"இது இருவத்திநாலு. அது இருவத்திரெண்டு."

ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"இருநூறு எங்க, அஞ்சு எங்க! நல்லா ஏமாத்திட்டான் படுபாவி."

கோபிநாத் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, இது இன்னா பஸ் நம்பரா? இதுல எண்ணு கொறையக் கொறையத்தான் வெல ஏறும். இருநூறு, கத்துக்குற பசங்க வாங்கறது. அஞ்சு, தொழில்ல ஊறினவன் வச்சிருக்கறது. உள்ள படம் விழற சென்சாரே பெருசு. அதுக்கு எதுக்குத் தொறக்குற கதவெல்லாம்? அத வித்தா இதுல ரெண்டு வாங்கலாம்."

அவள் நம்பவில்லை. இவரும் அவனுக்கு வேண்டியவரோ?

"அப்ப நெடுமாறன் எதுக்கு சார் இத எனக்குக் குடுக்கணும்?"

சிரிப்பு நின்றது. கோபிநாத் அந்தக் கேமராவைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார்.

"அவனோடதா இது? தன்னோடது ரிப்பேர்னு சொல்லிட்டு, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் எங்கிட்ட வேற கேமரா வாடகைக்கு எடுத்துட்டுப் போறானேம்மா."

வினோதா கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாடிப்படியிலேயே நின்றாள். கீழே நேரு வீதி இரைந்துகொண்டிருந்தது.

குறைத்துக் கொடுத்திருந்தால் திருட்டு. அதற்கு அவளிடம் வசவுகள் இருந்தன. கூட்டிக் கொடுத்தவனை என்ன சொல்லிக் கேட்பது?

ஆனாலும் சந்தேகம் போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

தம்பியின் இருநூறு எங்கே?

காலாப்பட்டுக் கடற்கரையில் நடந்ததை நெடுமாறன் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்லியிருந்தான். ஜோடியைப் படம் எடுத்து முடித்தாயிற்று, பிரேம் கேமராவைத் தன்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்க இறங்கினான், அலை இழுத்துவிட்டது.

அவர்கள் ஊரான கனகசெட்டிக்குளத்தில் அதை யாரும் முழுசாக நம்பவில்லை. நடை பழகுமுன் அலையில் புரண்ட பிள்ளை. படகு கவிழ்ந்த ஒருநாள், அப்பாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தவன். கை இரண்டும் சும்மா இருந்தால் கடல் அவனை என்ன செய்துவிடும்?

கை இரண்டும் சும்மா இருந்தால்.

அவள் போனை எடுத்தாள்.

"சொல்லுங்கக்கா," என்றான் நெடுமாறன். "கேமரா எதனா மக்கர் பண்ணுதா?"

"அவன் கேமராவ உங்கிட்டக் குடுத்துட்டா எறங்குனான்?"

அவன் பக்கம் ஒரு வண்டி கடந்துபோகும் சத்தம் கேட்டது.

"உட்டுட்றா, உட்டுட்றான்னு கத்துனேன்க்கா," என்றான். "நனைஞ்சிடக் கூடாதுன்னு ரெண்டு கையையும் மேலயே தூக்கி வச்சிருந்தான்."